செல்வதாஸுக்காக நான் கொடுத்த ரத்தம்

சத்தியம் செய்யாதே என்றுதான் வேதம் சொல்கிறது. ஆனாலும் அதே வேதப்புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

2013 ஆகஸ்டில், கொட்டாரம் பக்கத்திலுள்ள எங்கள் சபையில் ரத்தம் எடுத்தார்கள். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிற ஒரு புரதம் ரத்தத்தில் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கூடினதெல்லாம் புற்றுநோய் ஆகாது. ஆனால் நோய் இருந்தால், வலி வருவதற்கு முன்பே பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு ஆளுக்கொரு டோக்கன், சபை விருந்தான அசனத்துக்குக் கொடுப்பதுபோல.

என் சிநேகிதன் செல்வதாஸ் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். மலைப்பாதையில் படியில் தொங்குவான். ஊசியைக் கண்டால் மயங்குவான். அவன் அப்பாவும் பெரியப்பாவும் இந்த நோயில்தான் போனார்கள். அதனால் அவன் மனைவி ராஜபாய், காலையிலேயே வெள்ளைச் சட்டை மாட்டி அவனை அனுப்பியிருந்தாள். சபை வாசலில் அவன் டோக்கனை என் கையில் திணித்தான்.

"ஏலே ஞானசிங்கு, எனக்கும் சேத்து குடுத்துரு மக்கா."

"வே, இது ரத்தம்வே!"

"அசனத்துக்கு நான் வராட்டா என் பங்குச் சோத்தையும் நீதான வாளியில வாங்கிட்டு வருவ? பேரச் சொன்னா போதும்லா."

எங்கள் சபையில் இந்த நியாயத்துக்கு மறுப்பு கிடையாது. இடது கையில் என் பெயருக்குக் கொடுத்தேன். மறுபடி வரிசையில் நின்று, வலது கையில் அவன் பெயருக்குக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. என் பெயர் எழுதிய குழாயில் புரதம் சரியான அளவு. செல்வதாஸ் பெயர் எழுதியதில் மூன்று மடங்கு. என் ரத்தம் வாக்குத் தவறாதது. அவனுக்கென்று கொடுத்தால் அவனுக்காகத்தான் பேசும்.

உண்மையை, ரத்தம் எடுக்க வந்திருந்த டாக்டர் அபினாவிடம் சொன்னேன். "ஐயா, அப்படி நடக்கவே நடக்காது" என்றார்.

"நடந்திருக்கே மக்களே."

"ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் நோயைச் சொல்லாது. முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க."

ராஜபாய் அழவில்லை. புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வடசேரி பஸ்ஸில் ஏற்றினாள். "நீரு எத்தன பேர பாதி வழியில எறக்கி விட்டிருப்பீரு! இண்ணைக்கு நான் சொல்லுத எடத்துலதான் எறங்கணும்."

ஊசி தொடுவதற்கு முன்பே அவன் மயங்கினான். அதுவும் வசதியாகப் போயிற்று. அவன் சொந்த ரத்தத்திலும் அதே மூன்று மடங்கு. ஸ்கேன் எடுத்தார்கள், சதைத் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். இருந்தது. மிளகளவு. வெளியே எங்கும் பரவவில்லை. அறுத்து எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்ததும் செல்வதாஸ் என்னைத்தான் தேடினான். "ஏலே, இதையும் எனக்குப் பதிலா நீயே செஞ்சிருக்கப்பிடாதா?"

"வாளி கொண்டுவரல மக்கா" என்றேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தான்.

வெளியே வராந்தாவில் ராஜபாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, நீங்க மட்டும் அண்ணைக்கி..." என்றாள்.

அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஐந்து வருஷம் முன்பே, 2008-இல், நோய் எலும்புவரை பரவிய பிறகுதான் தெரியவந்து, செல்வதாஸ் இறந்துபோனான். சபை வரிசையில் நின்ற அன்று என் கையில் இருந்தது ஒரே ஒரு டோக்கன்தான்.