சிப்பாய்க்கு எது தாய்?

விசுவாசத்தின் விலை பதினெட்டாயிரம் என்றான் என் மச்சான். நான் அவன் அக்கா புருஷன் என்பதால் பதினாறுக்கு இறங்கி வந்தான். சொந்த மச்சானிடம் பேரத்தில் ஜெயித்தவன், வீட்டுக்குப் போனதும் எங்கே தோற்றோம் என்று தேடிப் பார்க்க வேண்டும். நான் தேடவில்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் சங்கிலியில் நின்றது. அதுதான் எனக்கு விற்ற குட்டியின் தாய் என்று காட்டினான்.

"அசல் சண்டை ஜாதி அத்தான். இது குரைச்சா திருடன் தொழிலையே மாத்திக்குவான்."

என் இரும்புக்கடைக்கு அதுதானே வேண்டும். குட்டிக்குச் சிப்பாய் என்று பேர் வைத்து, கடை வாசலில் சிவப்பு எழுத்தில் பலகை மாட்டினேன்: 'அசல் சண்டை ஜாதி நாய். உயிருக்கு உத்தரவாதம் இல்லை.' சிப்பாயோ வளர்ந்து ஆளாகி, சிமெண்டு மூட்டை மேல் மல்லாந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வயிற்றைக் காட்டியது. கடைசியில் என்னைக் கடித்தது பலகைதான்.

சண்டை ஜாதி நாய்களை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாது என்று நகராட்சி புது விதி போட்டது. பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வராது. ஒரு மத்தியானம் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். பின்னாலேயே கூண்டு வண்டி.

"யார் சார் புகார் கொடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே எதிர்க்கடைத் தையல்காரரைப் பார்த்தேன். அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். அத்தனை அக்கறையாக நூல் கோர்ப்பவரை நம்பக் கூடாது.

"யாரும் கொடுக்கல. பஸ்ல போறப்ப பலகையைப் படிச்சேன்."

கல்லாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். அவர் கண் அந்தப் பக்கமே வரவில்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. காசு கேட்காத அதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்று எங்கள் வம்சத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

"அது சும்மா சார், திருடனுக்காக எழுதினது."

"நானும் அதைத்தானே படிச்சேன்? சண்டை ஜாதி இல்லைன்னா, வித்தவர் வந்து தாயைக் காட்டட்டும்."

உள்ளே என் மனைவி சிப்பாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு மேல் விளக்குவானேன்? ஒரு கையால் போனை எடுத்துத் தம்பியைப் பிடித்தாள். "டேய், உன் வாயால வந்த வினை. நீயே வந்து தீர்த்து வை."

கயிற்றில் ஒரு பழுப்பு நிறத் தெருநாயை இழுத்துக்கொண்டு வந்தான் மச்சான். என்னை ஓரங்கட்டினான்.

"உண்மையைச் சொல்லிடறேன் அத்தான். ஆனா பணத்தைத் திருப்பிக் கேக்கப்படாது."

"முதல்ல சொல்லு."

"முதல்ல நீங்க சொல்லுங்க."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், "கேக்கல, போ" என்றேன்.

அவன் நேரே இன்ஸ்பெக்டரிடம் போனான். "சார், எங்க அத்தானை நான் நல்லா ஏமாத்திட்டேன். இதுதான் தாய். சாக்கடை ஓரத்துல பொறந்த குட்டி." பரிசு வாங்கப் போகிறவனைப் போல முகத்தில் அப்படி ஒரு களை.

இன்ஸ்பெக்டர் இரண்டு நாய்களின் காதையும் பார்த்தார். ஒரே பழுப்பு. குனிந்து 'தெருநாய்' என்று எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துச் சிப்பாய் வாலை ஆட்டிக்கொண்டு தாயிடம் ஓடியது. தாய் பல்லைக் காட்டி உறுமியது, முன்பின் தெரியாத நாயைப் பார்த்தது போல. நான் பார்த்தேன். தையல்காரரும் பார்த்தார். உடனே மிஷினை ஓட்டிச் சத்தம் கிளப்பி, உறுமலை அமுக்கிவிட்டார்.

"பலகையைக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வண்டி ஏறினார்.

"அப்ப அன்னிக்குச் சங்கிலியில நின்னது எதுடா?"

"அது பக்கத்து வீட்டு நாய் அத்தான்."

"இது ஏன் உறுமுது?"

"ரொம்ப நாளாச்சில்ல, புள்ளையை அடையாளம் தெரியல." சொல்லிக்கொண்டே தராசில் ஆணியை அள்ளிப் போட்டான். "கயிறு பிடிச்சு இழுத்துட்டு வந்த கூலி."

ஆகக் கணக்கு: கொடுத்தது பதினாறாயிரமும் இரண்டு கிலோ ஆணியும். வந்தது நாய் ஒன்று, பொய் ஒன்று. அந்தப் பொய் அன்றைக்குச் சொன்னதா, இன்றைக்குச் சொன்னதா என்பது மட்டும் பாக்கி.