குபேர மூலைப் பீரோ

அறிவுச்செல்விக்கு அண்ணன் பூபதி என்றால் சாமிக்கு அடுத்தபடி. அப்பாவின் நிலத்தில் அவளுக்குச் சேர வேண்டிய பங்குக்குப் பதிலாக, சங்ககிரியில் தான் குடியிருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டுத் திருச்செங்கோட்டுக்கு வாடகை வீட்டுக்குப் போனவன். எந்த அண்ணன் இப்படிச் செய்வான் என்று தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய்தான் வலித்தது.

சாவியைக் கொடுத்த அன்று அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். படுக்கையறையின் தென்மேற்கில் நின்ற இரும்புப் பீரோவைக் காட்டி, "அம்மணி, இது குபேர மூலை. பீரோவ மட்டும் எப்பவும் நகத்தீராத. நகத்துனா ஊட்டுல எதுவும் தங்காது" என்றான்.

அவளும் பீரோவுக்குக் குங்குமப் பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கும்பிட்டு வந்தாள். அதன் பக்கத்தில்தான் மகன் கவினின் பாய்.

மழைக்காலம் வந்ததும் கவினுக்கு வீசிங் பிடித்தது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. தயிரை நிறுத்தினாள், வாழைப்பழத்தை நிறுத்தினாள், அவன் அழ அழ நாய்க்குட்டியை யாருக்கோ கொடுத்தாள். கடைசியில் பழி மொத்தமும் லாரி ஓட்டும் புருஷன் மயில்சாமியின் பீடி மேல் விழுந்தது. லோடு இறக்கிவிட்டு வந்த மனுஷன் சொந்த வீட்டில் படுக்க வழியில்லாமல் வண்டியிலேயே படுத்தான்.

"ஊட்டுல செவுரு எங்காச்சும் ஓதமா இருக்குதாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க. அது எங்கண்ணன் ஊடுங்க" என்றாள், என்னமோ அதுவே பதில் போல.

பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போதுதான் கவினின் பொம்மை பஸ் பீரோவுக்கு அடியில் ஓடியது. கையை விட்டுத் துழாவி எடுத்தவன் இருமிக்கொண்டே வந்து நின்றான். உள்ளங்கை கருப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். நனைந்த சாக்கு நாற்றம்.

அவளுக்குக் குபேரன் மறந்துபோனான். மயில்சாமியைக் கூப்பிட்டு, இருவருமாகப் பீரோவை வாசலுக்கே இழுத்துப் போட்டார்கள்.

தரையிலிருந்து தோள் உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கரும்பூசணம். மறுபக்கம் குளியலறைக் குழாய் உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. யாரோ சுரண்டியிருக்கிறார்கள், அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அது உரிந்ததும் திரும்பவும் அடித்திருக்கிறார்கள். நடுவே, குழந்தை எட்டும் உயரத்தில் நிலா ஸ்டிக்கரும் நட்சத்திர ஸ்டிக்கர்களும். அண்ணன் மகள் ஜீவா ஒட்டியவை.

ஜீவாவுக்கும் வீசிங் இருந்தது. இந்த வீட்டில் இருந்தவரை பள்ளிக்கூடப் பையில் இன்ஹேலர் இல்லாமல் அந்தப் பிள்ளை வெளியே போனதில்லை. "திருச்செங்கோட்டுத் தண்ணி ஒத்துக்கிச்சு அம்மணி, இப்ப மருந்தே இல்ல" என்று பூபதி சொன்னபோது, அறிவுச்செல்வி சந்தோஷத்தில் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். இப்போது மயில்சாமியின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மறுநாள் பூபதி பொங்கல் சீரோடு வந்தான். கூடவே ஜீவா. வழக்கம்போல வாசலிலேயே நின்றான். தங்கச்சிக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைக்கும் அண்ணன் என்று இத்தனை நாளும் அவள் பூரித்தது அதற்குத்தான். வாசலில் கிடந்த பீரோவைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"ஏனுங்ணா, தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"பைப்பு ஓட்டை அம்மணி. எத்தனையோ பண்ணிப் பாத்துட்டேன், நிக்கல. வித்தரலாம்னு பாத்தா, வந்தவனெல்லாம் பீரோவ நகத்திப் பாத்துட்டுப் போயிட்டான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முன்பின் தெரியாதவனெல்லாம் நகர்த்திப் பார்த்தான். நகர்த்த மாட்டாள் என்று நம்பித் தலையில் கட்ட அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்.

அறிவுச்செல்வி சண்டை போடவில்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஜீவா, உள்ள வா சாமி. உன்ற பழைய ரூம்ல செத்த நேரம் கவினோட வெளையாடு."

ஜீவா செருப்பைக் கழற்றினாள். பூபதியின் கை அவள் தோளைப் பிடித்து நிறுத்தியது.

அறிவுச்செல்வி அந்தக் கையையே பார்த்தாள்.

"அப்படித்தானுங்ணா. கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றாள். கவினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சீர்த் தட்டைத் தாண்டி, மயில்சாமியின் லாரி நின்ற பக்கம் நடந்தாள்.