வரிசையில் நிற்கும் பச்சைக் குடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, தெருவில் கிடைத்தது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில், ஆட்களுக்கு முன்னால் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். குடத்தை வைத்துவிட்டு நாங்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்றதற்குச் சமம். அதை யாரும் தாண்டமாட்டார்கள். போன மாதம் ஒருநாள் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன பிறகும் ஒரு பச்சைக் குடம் மட்டும் காலியாக நின்றது.

"சங்கரி கொடம்க்கா," என்றாள் அடுத்த வீட்டு முத்துத்தாய். "அவுக அப்பாவுக்குத் தறி ஓடல. குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாக. கொடத்த மறந்துட்டாக போல."

பீரோவை மறந்தார்கள் என்றால் நம்புவேன். இந்த ஊரில் குடத்தை யார் மறப்பார்? அந்தப் பிள்ளை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், திரும்பி வரும்போது தன் இடம் இருக்க வேண்டுமே என்று.

2

அதனால் அவளைத் திருப்பூருக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வேறெங்காவது அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

'முன்னொரு காலத்தில் ஒரு மாய—' (வேண்டாம். அலுப்பாக இருக்கிறது.)

'சங்கரியின் கண்கள் வானத்து—' (சீச்சீ.)

'சங்கரி குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, வறண்ட கண்மாயின் மடைக் குழாய்க்குள் புகுந்தாள்.' (இது போதும். இதற்கு மேல் தெம்பில்லை.)

துணைக்கு ஒருவன் வேண்டும். பந்தல்குடி சாலையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகன் ஆனந்தகுமாரை அனுப்புகிறேன். வீட்டில் போர்வெல், மோட்டார், குடிக்கக் கேன் தண்ணீர். வரிசை என்றால் என்னவென்றே அறியாத பையன். (இவன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம்தான். வசதியான வீட்டுப் பிள்ளையைக் கோமாளியாக்குவது சுலபம். பார்ப்போம்.)

3

மடையின் மறுமுனையில் மேகங்கள் வரிசையில் நின்றன. அந்த நாட்டில் தண்ணீர்தான் ஆட்களுக்காகக் காத்துக் கிடக்கும். குடிக்க ஆளில்லாமல் வீங்கிப்போய், முழங்கால் வலியோடு நின்றன மேகங்கள். ஒரு குட்டி மேகம் இடையில் நுழையப் பார்த்தது.

"நாங்க மட்டும் என்ன இளிச்சவாயங்களா?" என்று முன்னால் நின்ற கிழட்டு மேகம் எகிறியது. "காலையிலருந்து நிக்கோம்!"

அப்போது சங்கரி என்ன செய்தாள் தெரியுமா? நேரே போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். வரிசையைக் கண்டால் வால் பக்கம் போய் நிற்பதுதானே அவளுக்குத் தெரியும்! மேகங்கள் பதறிப்போய் அவள் பக்கம் திரும்பின. கடைசி முதலாகிவிட்டது. அவள் மறுபடி வாலைத் தேடி ஓடினாள்.* அந்த நாடே அவளோடு சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா? அது நமக்காக நிக்குது," என்றான் ஆனந்தகுமார்.

"சும்மா இரு. எடையில பூந்தா ஏசுவாக."

அவன் சிரிக்கவில்லை. (முதலில் சிரிக்க வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.) அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து கிழட்டு மேகத்தின் முன்னால் நிறுத்தினான். அவள் அண்ணாந்து, வாய் படாமல் குடித்தாள். குடிக்கக் குடிக்க அழுதாள்.

* இதைப் படித்துவிட்டு முத்துத்தாய், "நானும் அப்படித்தான்க்கா கடைசியில போயி நின்னுருப்பேன்," என்றாள்.

4

திரும்பும்போது மடை வாசலில் காவலுக்கு ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. (தவளை பேசுமா என்று கேட்காதீர்கள். மேகம் பேசியபோது எங்கே போயிருந்தீர்கள்?)

"ஊர்ல ஒங்க எடத்துக்கு என்ன வச்சிட்டு வந்தீக?" என்று கேட்டது.

"கொடம்," என்றாள் சங்கரி.

ஆனந்தகுமார் முழித்தான். அவன் எதையும் எங்கேயும் வைத்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில் அதற்கு அவசியமும் இல்லை.

"எங் கொடத்துல இவனும் சேத்தி," என்றாள் அவள்.

தவளை யோசித்தது. "சரி. ஆனா நீங்க போயிச் சேரும் முன்ன அந்தக் கொடம் எடுபட்டுச்சுன்னா ரெண்டு பேருக்கும் எடம் கெடையாது. இங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

இருவரும் இருட்டுக்குள் தவழத் தொடங்கினார்கள். "ரா, ரா," என்று தன் வீட்டுத் தெலுங்கில் அவனை வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவள் முன்னால் போனாள்.

5

முடிவு எழுத வேண்டும். இருவரும் வெளியே வருகிறார்கள், பின்னாலேயே மேகங்களும் வந்து மழை கொட்டுகிறது என்று முதலில் எழுதினேன்.

"ஆமா, கொட்டும்!" என்றாள் முத்துத்தாய். "எழுதுறதுதான் எழுதுறீக, நம்புற மாதிரி எழுதுங்கக்கா."

இன்னொன்று: குடத்தை யாரோ எடுத்துவிட— (முடியவில்லை. கை வரவில்லை.)

இதை வரிசையில் உட்கார்ந்துதான் போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சங்கரி போனதிலிருந்து ஒவ்வொரு லாரிக்கும் பச்சைக் குடத்தை என் குடத்துக்குப் பின்னால் கொண்டுவந்து வைப்பது நான்தான். இடுப்பு விட்டுப்போகிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். வராத பிள்ளையின் காலிக் குடத்துக்கு எத்தனை நாள்தான் நான் ஒருத்தியே காவல் இருப்பது? அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

என் குடம் நிறைந்துவிட்டது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். பச்சைக் குடத்துக்கு அடுத்து நிற்பது நீங்கள்தான். அதைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் குடத்தை வைத்தால் யாரும் ஏசமாட்டார்கள், நானும் ஏசமாட்டேன். பிள்ளைகள் இன்னும் மடைக்குள்தான் வந்துகொண்டிருக்கிறார்கள்.

லாரிக்காரர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்: "அடுத்த கொடம் யாருது?"