வினோத் விட்டுக்கொடுத்த பாடு

மத்தியானம் சுதாவின் கைப்பேசி ஓயாமல் ஒலித்தது. பாடு குழுவில் எல்லாரும் அவள் கணவன் வினோத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழவேற்காடு ஏரியில் இறால் நிறைய விழும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பத்துப் பேர் அறிய விட்டுக்கொடுத்த பாட்டைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. முன்பெல்லாம் கோயில் வாசலில் சொன்னதை இப்போது வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். பொன்னேரியில் பி.காம் படித்த மருமகள் என்று, கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே சுதாவை அட்மின் ஆக்கிவிட்டார்கள்.

என்னதான் நடந்தது என்று மேலே தள்ளிப் பார்த்தாள். 'போன தடவை சில பேரு லேட்டா வந்து வலை கட்டினாங்க' என்று ஆதிகேசவன் எழுதியிருந்தார். அதற்கு வினோத்தின் பதில்: 'ஆமா மாமா, நான் தூங்குமூஞ்சி. இன்னிக்கு என் பாட்டை நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு எதுக்கு இறால்? காத்து குடிச்சே வாழ்ந்துப்பேன்.'

அதன் கீழே ஆதிகேசவன் மூன்று முறை கைகூப்பியிருந்தார். 'நல்லா இருப்பா' என்று முனியம்மா. 'பெரிய மனசு' என்று இன்னும் பதினொரு பேர்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்களுக்கு வரும் முதல் பாடு இது. வழக்கப்படி அந்த இறால் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக் காலை பஸ்ஸில் கொண்டுவருகிறோம் என்று தன்னைப் பெற்ற நைனாவிடம் சுதா சொல்லிவிட்டிருந்தாள்.

வினோத் கரையில் வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

"நக்கலு சுதா! காத்து குடிச்சி வாழ்றேன்னு எவனாவது நெசமா சொல்லுவானா?"

"பதிமூணு பேரு நெசம்னு நெனச்சிட்டாங்க."

"நீதானே அட்மின். அழிச்சிடு."

"எம் புருஷன் எழுதினதை நானே அழிச்சா நாளைக்கு யாரு என்னை நம்புவாங்க? வாங்க, அவர்கிட்டயே போய்ச் சொல்லிடுங்க."

ஆதிகேசவன் வீட்டு வாசலில் அவரும் அவர் மனைவி காந்தாவும் வலைக்குப் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்கள். வினோத்தைப் பார்த்ததும் காந்தா எழுந்து வந்து அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"மாமாவுக்குக் காய்ச்சல்னு போன பாடு வீணாப் போச்சு கண்ணு. நாங்க சொல்லாமயே புரிஞ்சிக்கினியே! உன் வாயைப் பத்தி நான் இன்னான்னவோ நெனச்சிருந்தேன்."

"லேட்டுன்னு எழுதினது உன்னை இல்லப்பா, அந்த சந்தோஷைச் சொன்னேன்" என்றார் ஆதிகேசவன். "நீ போய் உன்னைன்னு எடுத்துக்கினே."

வினோத் வாயைத் திறந்தான். சுதா அவன் முகத்தையே பார்த்தாள்.

"கயிறு பத்துமா மாமா? எங்கிட்ட ஒரு கட்டு இருக்குது" என்றான்.

திரும்பும்போது, "சொல்லவேயில்லையே?" என்றாள்.

"அந்த அத்தை மூஞ்சைப் பாத்துக்கினு நீ சொல்லேன் பாப்போம்."

நைனாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் அவன் விரலைக் கோத்துக்கொண்டாள்.

"ஒரு தண்டனை உண்டு. ஒரு மாசத்துக்குக் குழுவுல எது எழுதினாலும் எங்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பணும்."

"சரிங்க அட்மின் மேடம்."

"இது நக்கலா?"

"இல்ல, பயம்."

காலையில் காந்தா ஒரு கூடையோடு வந்து நின்றாள். ஈரத் துணிக்கடியில் இறால் துள்ளியது. "மொதப் பாடு பொண்ணு வீட்டுக்குப் போவாம இருக்கலாமா? நேரா பஸ் ஏறுங்க."

திருப்பாலைவனம் தாண்டி வயல்களுக்கு நடுவே பஸ் போனது. காலடியில் கூடை. வினோத் எதையோ எழுதி அவளிடம் நீட்டினான். 'இன்னிக்குக் காத்து நல்லா இருக்குது.'

சுதா இரண்டு தடவை படித்தாள். "இதுல உள்குத்து ஒண்ணும் இல்லையே?"

"சத்தியமா இல்ல. நெசமாவே நல்லா இருக்குது."

ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, முகத்தை வெளியே காட்டிப் பார்த்தாள்.

"சரி, அனுப்புங்க" என்றாள்.