மூன்றாம் பகுதியில் ஒரு மௌனம்

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நாலே நாலு பேர். அதில் இரண்டு பேர் முகம் பார்க்காவிட்டால் எப்படி வாசிப்பது? கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபத்தில், சத்தம் ஒலிப்பதிவில் விழும் என்று ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டு வியர்த்துக் கொட்டும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. என் கையில் வயோலா. பக்கத்தில் செல்லோவுடன் லவினா. எதிரே முதல் வயலின், அவள் புருஷன் ரெனால்ட்.

பிள்ளை வயிற்றில் தங்காமல் போன அன்று அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவன் கச்சேரிக்குப் போய் வாசித்துவிட்டு வந்தான். "போங்கோ" என்று சொன்னதும் அவள்தான். சொன்னால் போய்விடுவதா, மடையன்! அடுத்த கிழமையே அவள் வத்தளைக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தப் பதிவோடு குழுவையும் விடப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள்.

எங்களுக்காகப் புதிதாக எழுதப்பட்ட இசை அது. மூன்றாம் பகுதியின் நடுவில் எல்லோரும் நிறுத்த வேண்டும். முதல் வயலின் தலையசைத்தால்தான் மறுபடி தொடங்கலாம். எவ்வளவு நேரம் என்பது அவன் இஷ்டம். லவினா தந்தியையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு முறையும் பிந்தினாள். பதிவு செய்யும் றிகாஸ் "இன்னொருக்கா" என்று சொல்லியே களைத்துப்போனான்.

மறுபடி அந்த இடம் வந்தது. நிறுத்தினோம். ரெனால்ட் தலையசைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியிருந்தது. கன்னத்தில் வடிந்தது வியர்வை இல்லை. வில்லைப் பிடித்தபடி, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

லவினாவும் நிமிர்ந்துவிட்டாள். செல்லோவை என்மேல் சாய்த்துவிட்டு வெறுங்காலோடு அவனிடம் போனாள். கண்ணாடியைக் கழற்றி, சால்வை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். வந்து உட்கார்ந்து அவனையே பார்த்தாள். அவன் தலையசைத்தான். நாலு பேரும் ஒன்றாகத் தொடங்கினோம்.

முடிந்ததும் றிகாஸ், "அக்கா, இடைவெளி நீண்டுபோச்சு. நடந்த சத்தமும் விழுந்திருக்கு. வெட்டவா?" என்றான்.

"அதில கை வைச்சா முறிப்பன்" என்றேன்.

லவினா ரெனால்டிடம் கேட்டாள். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. "அண்டைக்கு என்ன வாசிச்சனீங்கள்?"

"தெரியாது, லவினா. ஒண்டுமே ஞாபகமில்லை."

"எனக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக் கதவடியில திரும்பிப் பாத்தது ஞாபகமிருக்கு" என்றாள்.

வழக்கமாக ரெனால்டோடு ஓட்டோவில், அவர்கள் வீடும் இருக்கும் வெள்ளவத்தைக்குத் திரும்புபவள் நான். அன்றைக்கு அதில் லவினாவின் செல்லோ ஏறியது, எனக்கு இடமில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி, சந்தோஷத்தில் அழுதுகொண்டே போனேன்.