சார்ஜ் ஒப்படைக்காத ஹார்ட் டிஸ்க்

சனிக்கிழமை காலை, தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், அனந்தகிருஷ்ணன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினார். பழைய ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்ததால் புதிது ஒன்று வாங்கியிருந்தார். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருப்பவருக்கு எதிலும் ஒரு முறை வேண்டும். பழையவர் காலி செய்யாமல் புதியவருக்கு இடம் ஒதுக்க முடியாது. எனவே பழையதைக் கழற்றிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, அது இருந்த இடத்திலேயே புதியதை முடுக்கினார்.

ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. இயக்குவதற்கு உள்ளே எதுவும் இல்லையாம்.

அவர் மனைவி வசுமதி எட்டிப் பார்த்தாள். அவள் எழுதிய நாடகத்துக்கு அன்று மத்தியானம் முதல் ஒத்திகை. நாடகத்தின் ஒரே பிரதி கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

“ஏன்னா, என் நாடகம் எங்கே?”

“கவர்ல இருக்கு.”

வசுமதியும் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவள்தான். “சார்ஜ் ஒப்படைக்காம ஆளை ரிலீவ் பண்ணிட்டேளா? பொறுப்பை வாங்கிக்காம புதுசா வந்தவனுக்கு என்ன தெரியும்?”

அனந்தகிருஷ்ணனுக்கு அப்போதுதான் தவறு உறைத்தது. “தப்புதான். ஆனா ரெண்டு பேரை ஒரே ரூம்ல எப்படி...”

“கீழே இன்னொரு தட்டு காலியா இருக்கே! ஜல்தி பண்ணுங்கோ.”

பழையது தன் இடத்துக்குத் திரும்பியது. புதியது கீழ்த்தட்டுக்குப் போனது. பதினொன்றரை மணிக்கு நாடகம் திரையில் திறந்தது. வசுமதி எட்டு நடிகர்களுக்கும் பிரதி எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“புதுசு எப்போ சார்ஜ் எடுத்துக்கறது?” என்று கேட்டார் அவர்.

“நான் வந்தப்புறம். அதுவரைக்கும் வேற யாரையும் ரிலீவ் பண்ணாதீங்கோ.”