அளவு கேளாமல் வாங்கிய கார்டு

தையல்காரர் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு, பளபளக்கும் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவர் தம்பி.

"அண்ணி, இனிமே உங்க கம்ப்யூட்டர் பறக்கும் பாருங்க! நாலு ஆன்டெனா வச்ச நெட்வொர்க் கார்டு. கடையிலேயே பெரிசு இதுதான்!"

அண்ணி, அதாவது தையல்காரரின் மனைவி, வீட்டிலிருந்தபடியே ஒரு மருந்து நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குக் கணினி வழியே பதில் சொல்கிறவள். பழைய கார்டு பழுதாகி, இணைய இணைப்பு விட்டுவிட்டுப் போய், பேச்சு பாதியிலேயே அறுந்துகொண்டிருந்தது. நாளைக் காலைச் சோதனை அழைப்பும் அறுந்தால் வேலை போய்விடும் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உனக்கு எதுக்கு அந்தத் தொல்லைன்னுதான்..."

அன்பாகத்தான் சொன்னார், பாவம். வீட்டுக்கு வீடு பெண்களின் வாயை அடைப்பது இந்த அன்புதானே! கணினியைத் திறந்து பார்த்தால், கார்டு ஒரு விரற்கடை உயரம் அதிகம். மூடி மூடவே இல்லை. கொழுந்தன் சுத்தியல் தேடினான்.

"ஐயையோ, அது ஆணி இல்லப்பா!" என்று அவள் சிரித்துவிட்டாள்.

மூவரும் கடைக்குப் போனார்கள். "சின்ன கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பொருந்தற, ஒயர் செருகற கார்டு இருக்கா? ரவுட்டர் என் மேசை மேலயே இருக்கு. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுவானேன்?" என்று கேட்டாள்.

கடைக்காரர் தையல்காரரைப் பார்த்து, "இருக்கு சார். விலை பாதிதான்" என்றார்.

"வாரண்டி எத்தனை வருஷம்?" இதையும் அவள்தான் கேட்டாள்.

"மூணு வருஷம் சார்." மறுபடியும் அவரிடமே!

தையல்காரருக்குச் சுருக்கென்றது. "ஐயா, நான் துணி தைக்கறவன். போட்டுக்கறவரை நிக்கவச்சுட்டு, கூட வந்தவருக்கு அளவெடுக்கமாட்டேன். அவங்களைப் பாத்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நானும் அதைத்தான் செஞ்சிருக்கேன், இல்ல?" முகத்தில் அசடு வழிந்தது.

கடைக்காரர் பெரிய கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவள் கேட்டதைக் கொடுத்தார். மறுநாள் காலைச் சோதனை அழைப்பில் நாற்பது நிமிடம் பேசினாள். ஒரு சொல் அறுபடவில்லை. வேலை நிலைத்தது. வீடே குளிர்ந்தது.

"அண்ணா, அப்படியே வா, என் பொண்டாட்டிக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிரலாம்" என்று தம்பி செருப்பை மாட்டினான்.

"முதல்ல வீட்டுக்குப் போய் அவளைக் கேளுடா," என்றார் தையல்காரர். "அவங்களுக்கு வேண்டியதை அவங்களைக் கேக்காம நாமளே முடிவு பண்றது அன்பு இல்ல. அலட்சியம்."